கீழ் ரூம் மட்டும் போதும்

தாழ்ப்பாளைக் கழட்டுனது நான்தானுங்கண்ணா. ரூம் கூட்டற அம்மாவை ஒண்ணும் சொல்லாதீங்க, அவங்களுக்கு எதுவும் தெரியாது. ஸ்க்ரூடிரைவர் என்னோடது, வீட்டுலருந்தே கொண்டாந்தேன். பாத்ரூம் தாழ்ப்பாளு, நாலு ஸ்க்ரூ, எல்லாம் இந்த டப்பாவுல இருக்குது பாருங்க. போறப்ப நானே மாட்டிக் குடுத்துருவேன். அந்த வேலை எனக்கு நல்லாப் பழகிருச்சு. எங்க வீட்டுல அத்தனை கதவுலயும் நான்தான் கழட்டுனேன்.

ஏன்னு கேக்கறீங்க. கேக்கத்தான் செய்வீங்க, உங்க லாட்ஜு.

இப்படி உக்காந்துக்கட்டுங்களா? சொல்றதுக்குக் கொஞ்ச நேரம் ஆகும்.

நான் ராசிபுரத்துல டீச்சருங்க. கணக்கு எடுக்கறேன், இருபத்தியொரு வருசமாச்சு. பேரு திலகவதி, உங்க நோட்டுலயே எழுதியிருக்கேன். கூட வந்திருக்கறது எம் பொண்ணு கவிநயா. ஒரே பொண்ணு. வர்ற ஆவணிக்குப் பதினெட்டு முடியுது. பன்னெண்டாவதுல நல்ல மார்க்குங்க, ஆனா நீட்டுல வரல. சரி, இன்னொரு வருசம் படிக்கட்டும்னு ஒரு ஹாஸ்டல்ல சேத்தோம். அங்கயே தங்கி அதுக்குன்னே படிக்கறது. காலையில அஞ்சு மணிக்கு எழுப்பி விட்டுருவாங்க. ஞாயித்துக்கிழமை டெஸ்ட்டு. டெஸ்ட் முடிஞ்சா பத்து நிமிசம் வீட்டுக்குப் பேசலாம். எல்லாரும் சேக்கறதுதானுங்க, நாங்க மட்டும் புதுசா ஒண்ணும் செய்யல.

ஜனவரியில பொங்கல் லீவு முடிஞ்சு போனவ, ஒரு திங்கக்கிழமை ஹாஸ்டல் பாத்ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா. வெளிய வரல. கதவை உடைச்சுத்தான் எடுத்தாங்க. உசுரு இருந்துச்சு. எடுத்துட்டாங்க, அதைச் சொல்லணும்.

செத்துப் போகணும்னுதான் உள்ள போயிருக்கா. இதை வெளிய சொன்னதில்லைங்க. ஊருல டெங்குன்னு சொல்லியிருக்கோம். அவங்கப்பா லாரிக்குப் பாடி கட்டற பட்டறை வெச்சிருக்காரு, அவரு இன்னிக்கு வரைக்கும் அந்தக் காய்ச்சல் அந்தக் காய்ச்சல்னேதான் சொல்றாரு, என்கிட்டக்கூட. நாங்க ரெண்டு பேரு மட்டும் இருக்கறப்பக்கூட.

எனக்கு அழுகை வரலைங்க. ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்து பேப்பர் திருத்துனேன். ரிவிஷன் டெஸ்ட்டு, நாப்பத்தாறு பேப்பரு. ஒரு கூட்டல்கூடத் தப்பா விடல. நர்ஸ் ஒருத்தி வந்து வந்து பாத்துட்டுப் போனா. என்ன நினைச்சாளோ. இன்னிக்கு வரைக்கும் வரல, அழுகை. கையைக் கிள்ளுனா வலிக்குது, அதெல்லாம் இருக்குது. இது மட்டும் வரல.

சேலத்துல ஒரு டாக்டரம்மாகிட்ட மாசம் ரெண்டு தரம் கூட்டிட்டுப் போறேன். மாத்திரை எல்லாம் ஒழுங்காக் குடுக்கறேன். போன மாசம் அவங்க சொன்னாங்க, எங்கயாச்சும் மூணு நாள் போயிட்டு வாங்க, சொந்தக்காரங்க வீடு வேண்டாம், நேத்திக்கடன் அது இதுன்னு வேண்டாம், சும்மா ஊர் சுத்திப் பாத்துட்டு வாங்கன்னு. எங்க போகலாம்னு அவகிட்டயே கேளுங்கன்னாங்க. நான் கேக்கலாம்னுதான் இருந்தேன். ஆனா அவ எதுக்கும் ம்முங்கறா, இல்லீன்னா ம்ம்ஹுங்கறா. அவகிட்டக் கேட்டு எப்ப முடிவு பண்றது? தஞ்சாவூர்னா சரித்திரமும் ஆச்சு, ரொம்ப வெயில் ஏறுறதுக்குள்ள ரூமுக்கு வந்துரலாம். நானே முடிவு பண்ணிட்டேன்.

அட்டவணை போட்டனுங்க. கிளாஸுக்குப் போடற மாதிரிதான். நேரம், இடம், குறிப்பு, மூணு கட்டம். வியாழக்கிழமை அரண்மனை, வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெரிய கோயில், சனிக்கிழமை தாராசுரம். உசரமான எடம் ஏதாச்சும் ஏறிப் பாக்கற மாதிரி இருந்தா அதை எடுத்துட்டேன். குளம் இருந்தா எடுத்துட்டேன். அப்பறம் லாட்ஜுக்கு போன் பண்ணுனேன். பதினொரு லாட்ஜுங்க. கீழ் ரூம் இருக்குதுங்களா, ஜன்னலுக்குக் கம்பி இருக்குதுங்களா, பால்கனி இல்லாத ரூமா, பாத்ரூமுக்கு உள்பக்கம் என்ன தாழ்ப்பாள்னு கேட்டேன். நாலு பேரு பாதியிலயே வெச்சுட்டாங்க. ஒருத்தரு, நீங்க போலீஸாம்மான்னாரு. நீங்க ஒருத்தர்தான், கீழ் ரூம் இருக்கு வாங்கம்மான்னீங்க. ஏன்னு ஒரு வார்த்தை கேக்கல. அதான் இன்னைக்கு உங்ககிட்ட இவ்வளவும் சொல்றேன்.

வந்த அன்னைக்குப் பக்கெட்டைப் பாத்துட்டுச் சிரிச்சீங்களே, லாட்ஜுல பக்கெட் குடுப்போம் டீச்சரம்மான்னு. அது ரூமுக்கு இல்லைங்கண்ணா. புதுப் பக்கெட்டு, மக்கு, ரெண்டு பெட்ஷீட்டு, பூட்டுப் போட்ட பொட்டி ஒண்ணு. திங்கக்கிழமை வேற ஹாஸ்டல்ல சேக்கறதா இருந்துச்சு. இது வேற ஊரு, ரொம்ப நல்ல எடம்னு சொன்னாங்க, ஒரு ரூமுக்கு நாலே பேரு. இங்க மூணு நாள் இருந்துட்டு ஞாயித்துக்கிழமை காலையில பஸ் ஏறி நேரா அங்க. மனசும் தெளிஞ்சிருக்கும், அப்படியே படிப்பையும் புடிச்சுக்கலாம்னு ஒரு கணக்கு. டாக்டரம்மாகிட்டச் சொல்லல. சொன்னா இப்ப வேண்டாம்னுதான் சொல்லுவாங்க. அவங்களுக்கென்ன, ஒரு வருசம் போறது எங்களுக்குத்தானே.

கவிகிட்டயும் சொல்லல. ராசிபுரம் பஸ் ஸ்டாண்டுல அவ அந்தப் பக்கெட்டைப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. எதுக்கும்மான்னு கேக்கல. பஸ் வந்ததும் அவளே அதைத் தூக்கிட்டு ஏறி, காலுக்கு இடையில வெச்சுக்கிட்டு தஞ்சாவூர் வரைக்கும் வந்தா. புரிஞ்சுக்கிட்டா, பொறுப்பு வந்துருச்சுன்னு நான் நினைச்சுக்கிட்டேன்.

வியாழக்கிழமை அரண்மனை. தர்பார் ஹாலு, செப்புச் சிலை எல்லாம் பாத்தோம். அவ பாக்கற மாதிரி நிக்கறா, பாக்கல. அங்க ஒரு எடத்துல திமிங்கிலத்தோட எலும்புக்கூடு வெச்சிருக்காங்கல்ல, அங்க போய் நின்னுட்டா. நகரவே இல்ல. எனக்கு சந்தோசமாப் போச்சு. சரி, பயாலஜி, பழசெல்லாம் ஞாபகம் வருதுன்னு. முதுகெலும்பு மொத்தம் எத்தனை இருக்கும் கண்ணு, எண்ணிப் பாருன்னேன். அவ எண்ணல. "ம்மா, இது செத்துப்போய்க் கரைக்கு வந்துச்சா, கரைக்கு வந்து செத்துச்சா"ன்னா.

போர்டுல அதெல்லாம் போடல. தெரியல கண்ணு, வா நேரமாச்சுன்னு கூட்டிட்டு வந்துட்டேன். பன்னெண்டரைக்குச் சாப்பாடுன்னு போட்டிருந்தேன், ஏற்கெனவே நாப்பது நிமிசம் போயிருச்சு. பாடத்துல இல்லாத கேள்விக்கு நான் என்னத்தைச் சொல்றது? அன்னைக்குப் பூரா அவ பேசுனது அந்த ஒரு வாக்கியந்தான்.

நேத்து சாயங்காலம் பெரிய கோயில். நாலரைக்கே போயிட்டோம். சாமி கும்பிட்டுட்டு, சுத்துல லிங்கமா வரிசையா இருக்கே, அந்த மண்டபத்துல உக்காந்தோம். கல்லு நல்லா ஜில்லுன்னு இருந்துச்சு. நான் ஜனவரியிலருந்து சரியாத் தூங்கறதில்லைங்க. அவ துப்பட்டா நுனியைக் கையில சுத்திக்கிட்டுத்தான் படுப்பேன், அவ அசைஞ்சா எனக்குத் தெரியணும். நேத்து அந்தத் தூண்ல சாஞ்சவ அப்படியே கண்ணை மூடிட்டேன். அஞ்சு நிமிசமோ பத்து நிமிசமோ.

முழிச்சுப் பாக்கறேன், அவ இல்ல.

போன் பண்ணலாம்னா அவ போன் என் கைப்பையில. ஜனவரியிலயே வாங்கி வெச்சுக்கிட்டேன். டாக்டரம்மா வாங்கச் சொல்லல, நானா வாங்குனது.

ஓடுனேன்னு சொல்ல முடியாதுங்க. கால் நடந்துச்சு, நான் பின்னாடியே போனேன், அப்படித்தான் இருந்துச்சு. முதல்ல வாசலுக்குப் போனேன். வெளிய அகழி இருக்குதுல்ல, அதுக்குள்ள எட்டிப் பாத்தேன். புல்லும் முள்ளுமாக் கெடந்துச்சு. இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடி வரைக்கும் பாத்துக்கிட்டே போனேன். பொரி விக்கறவரு என்னம்மா தொலைச்சீங்கன்னாரு. செருப்புன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு தெரியல. உங்க செருப்பான்னாரு, இல்ல, பொண்ணோடதுன்னேன். திருப்பி உள்ள வந்தேன். பயம் வரணும்ல? வரல. அவங்கப்பாவுக்கு போன் பண்ணி முதல் வார்த்தை என்ன சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டே நடந்தேன். இன்னும் நடக்காததுக்கு நான் வாக்கியம் அமைச்சுக்கிட்டு இருந்தேன்.

கோயிலுக்குப் பின்பக்கம் புல்லுல குடும்பம் குடும்பமா உக்காந்திருப்பாங்கல்ல, அங்க இருந்தா. காலை நீட்டிக்கிட்டு, மடியில ஒரு கைக்குழந்தை. அஞ்சாறு மாசம் இருக்கும். இவ சுட்டுவிரலைப் புடிச்சுக்கிட்டுத் தூங்குது. இவ அசையாம உக்காந்திருக்கா. ஒரு ஈ வந்து குழந்தை மூக்குல உக்காருது, ஊதி விடறா, அப்பறம் திருப்பி அசையாம இருக்கா.

யாரு குழந்தை இதுன்னு கேட்டேன்.

"ஒரு அக்காவோடது. பெரிய பையனை பாத்ரூம் கூட்டிட்டுப் போயிருக்காங்க. கொஞ்சம் வெச்சுக்கம்மான்னு குடுத்தாங்க."

"ஏன் சொல்லாம வந்தே?"

"தூங்கிட்டு இருந்தே. எழுப்ப வேண்டாம்னு வந்தேன். உடனே திரும்பி வந்துரலாம்னுதான். பாப்பா தூங்கிருச்சு."

அதுக்குள்ள அந்தப் பொண்ணு வந்துட்டா. பட்டுக்கோட்டைப் பக்கமாம், முப்பது வயசுக்குள்ள இருக்கும், ஒரு கையில பையனைப் புடிச்சிருக்கா. ரொம்ப நன்றிக்கான்னு என்னைப் பாத்துச் சிரிச்சா. அப்ப நான் ஒண்ணு சொன்னனுங்க. அதைத்தான் உங்ககிட்டச் சொல்லணும். சொல்லலாமா வேண்டாமான்னு காலையிலருந்து யோசிச்சேன்.

"இனிமே இவகிட்டயெல்லாம் குழந்தையைக் குடுக்காதீங்க. இவளுக்கு மனசு சரியில்ல, மருந்து சாப்பிடறா. ஜனவரியில சாகப் போயிட்டா. எதாச்சும் ஆயிட்டா நாங்க என்ன பதில் சொல்றது"ன்னுட்டேன்.

சத்தமாக்கூடச் சொல்லல. கிளாஸுல போர்டைப் பாத்துச் சொல்ற மாதிரிதான் சொன்னேன். அஞ்சு மாசமா எங்கம்மாகிட்டக்கூடச் சொல்லல. டெங்கு டெங்குன்னே சொல்லிட்டு, பேரு தெரியாத ஒருத்திகிட்ட, நாலு பேரு கேக்கறாப்புல சொன்னேன். நல்லதுக்குத்தானுங்க சொன்னேன். அந்தம்மா குழந்தைதானே, அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்ல?

அந்தப் பொண்ணு என்னைப் பாத்துச்சு. அப்பறம் கவியைப் பாத்துச்சு. குழந்தையை வெடுக்குன்னு தூக்கிக்கும்னு நினைச்சேன். தூக்கல. கவி பக்கத்துல அப்படியே உக்காந்துச்சு. பையனுக்கு டவுசரைச் சரி பண்ணி விட்டுச்சு. தண்ணி குடிச்சுச்சு. அப்பறம், "கை வலிக்குதா தங்கச்சி"ன்னு கேட்டுச்சு.

கவி, "இல்லக்கா"ன்னா.

"அப்ப இன்னும் செத்த நேரம் வச்சுக்க. இப்ப எடுத்தா முழிச்சிக்கும்."

கால் மணி நேரம் இருக்கும். நான் நின்னுக்கிட்டே இருந்தேன், உக்காருங்கன்னு யாரும் சொல்லல. அப்பறம் அந்தப் பொண்ணு குழந்தையை வாங்கித் தோள்ல போட்டுக்கிட்டு, வர்றேன் தங்கச்சின்னு அவகிட்ட மட்டும் சொல்லிட்டுப் போயிருச்சு.

ஆட்டோவுல வர்றப்ப கவி வெளியவே பாத்துக்கிட்டு வந்தா. ரூமுக்கு வந்து மூஞ்சி கழுவிட்டு கட்டில்ல உக்காந்தா. அட்டவணையில ஆறரைக்குக் கடைத்தெருன்னு போட்டிருந்தேன். கிளம்பலாமான்னேன்.

"ம்மா, எல்லார்கிட்டயும் கேக்கறே. லாட்ஜுக்காரங்ககிட்டக் கேக்கறே, டாக்டர்கிட்டக் கேக்கறே. என்கிட்ட மட்டும் கேக்கவே மாட்டேங்கறியே"ன்னா.

"என்னத்தைக் கேக்கல?"

"ஏன்னு."

டாக்டரம்மா தோண்டித் துருவாதீங்கன்னு சொல்லியிருக்காங்கன்னேன். அது உண்மைதானுங்க, சொன்னாங்க. ஆனா அவ கட்டில்ல தள்ளி உக்காந்து எனக்கு எடம் விட்டா. சரி, சொல்லுன்னேன்.

சொன்னா. ரொம்ப நேரம் சொன்னா, எல்லாம் ஞாபகமில்ல. கேக்கறப்பக் காது அடைச்ச மாதிரி இருந்துச்சு. ஒண்ணுதான் நிக்குது. பாத்ரூமுக்குள்ள போனாளே, அதுக்கு முந்தின நாள் ஞாயித்துக்கிழமை டெஸ்ட்டாம். அதுவரைக்கும் வாங்காத மார்க்கு வாங்கியிருக்கா, ஐந்நூத்தி அறுபது. பத்து நிமிசம் குடுக்கற போன்ல எனக்குத்தான் முதல்ல சொன்னாளாம். நான், "நல்லது. இன்னும் நாப்பது சேத்துட்டா சீட்டு உறுதி, எங்க விட்டேன்னு பாரு"ன்னேனாம். மிச்சம் எட்டு நிமிசமும் அவ எங்க விட்டான்னே பேசியிருக்கேன்.

"அறுநூறு வாங்கியிருந்தாலும் நீ இன்னும் நாப்பதுன்னுதான் சொல்லுவேன்னு தோணுச்சும்மா. அதுக்கப்பறம் எதுக்கு எழுந்திருக்கறதுன்னே தெரியல"ன்னா.

நான் அப்படிச் சொல்லியிருப்பேன். சொல்லலன்னு சொல்ல மாட்டேன். ஆனா அண்ணா, டீச்சர்னா யாரும் அதைத்தான் சொல்லுவாங்க. எங்கிட்டப் படிச்ச எத்தனை பேருகிட்ட அப்படிச் சொல்லியிருக்கேன், எல்லாம் நல்லாத்தானே இருக்காங்க. நல்லாத்தான் இருக்காங்கன்னு நினைக்கறேன். யாரையும் போய்க் கேட்டதில்ல.

அப்பறம் சொன்னா, "அந்தப் பக்கெட்டோட நான் எந்த ஹாஸ்டலுக்கும் போகல."

நான் சரின்னேன்.

ஏன் சரின்னேன்னு இப்பவும் தெரியல. பஸ்ஸுல கண்டக்டரு தள்ளி நில்லுங்கன்னா சரிம்போமே, அப்படித்தான் வந்துச்சு. யோசிச்சுச் சொன்ன சரி இல்ல அது. அவளும் நம்பல. நெஜமாவான்னு கேட்டா. ஆமான்னேன். படுத்துட்டா. துப்பட்டாவை மடிச்சு அவளே தலைமாட்டுல வெச்சுக்கிட்டா. நான் அதைப் புடிக்கல.

காலையில எட்டு மணிக்கு அந்தப் புது ஹாஸ்டலுக்கு போன் பண்ணுனேன். மஞ்சக்காமாலைன்னு சொன்னேன். முதல்ல டெங்கு, இப்ப மஞ்சக்காமாலை. பதினஞ்சாம் தேதி வரைக்கும் சீட்டை வெச்சிருக்கோம் டீச்சர்னாங்க. அதுக்கும் சரின்னேன். ரெண்டு பக்கமும் சரின்னு சொல்லி வெச்சிருக்கேன். அவங்கப்பா அதுக்கப்பறம் மூணு தரம் கூப்பிட்டாரு. எடுக்கல. எடுத்தா என்ன சொல்றது? இன்னைக்கு தாராசுரம் போறதா இருந்துச்சு. அட்டவணையை எங்க வெச்சேன்னே தெரியல, தேடவும் இல்ல.

ஒம்பது மணிக்கு கவி குளிச்சுட்டு வந்து, நான் கொஞ்சம் வெளிய போய் நடந்துட்டு வர்றேன்னா. நானும் செருப்பை மாட்டுனேன். இல்லம்மா, தனியான்னா.

அஞ்சு மாசமா அவ தனியா எங்கயும் போனதில்லைங்க. வாசலுக்குக்கூட. டாக்டரம்மா போன தடவையே சொன்னாங்க, கொஞ்சம் கொஞ்சமா விடுங்க, எந்நேரமும் காவல் இருந்தா அவளுக்கு எப்படி மூச்சு வரும்னு. வெளிய சொல்றவங்களுக்கு சுலபம். போனை எடுத்து அவ கையில குடுத்தேன். எத்தனை மணிக்கு வருவேன்னு கேட்டேன். "வருவேன்ம்மா"ன்னா. மணி சொல்லல. எங்கன்னும் சொல்லல. அந்த கேட்டைத் தாண்டி இடது பக்கம் போனா. பின்னாடியே போகலாம்னு ரெண்டு எட்டு வெச்சேன். அப்பதான் நீங்க கூப்பிட்டீங்க, பாத்ரூம்ல தாழ்ப்பாள் காணோமேம்மான்னு. நல்லதாப் போச்சு. இல்லீன்னா போயிருப்பேன். உங்ககிட்டப் பேசிக்கிட்டு இருக்கவும்தான் இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன்.

மணி என்னங்க? பத்தே கால். சரி.

நான் நல்லாத்தான் இருக்கேன், தண்ணி வேண்டாங்க. இந்த டப்பாவுல ஸ்க்ரூ நாலும் இருக்குதான்னு எண்ணறேன், ஒரு தரம் மூணுங்குது, ஒரு தரம் அஞ்சுங்குது. ஆஸ்பத்திரியிலகூட எண்ணிக்கை தப்பல. நீங்களே எண்ணிப் பாருங்க.

என்ன கேட்டீங்க? நாளைக்குக் காலையில காலி பண்றமான்னா? ஆமா, ஞாயித்துக்கிழமை காலையிலன்னுதான் சொல்லியிருந்தேன். வேற யாரோ ரூம் கேக்கறாங்களா. பொறுங்க, யோசிச்சுச் சொல்றேன். அங்க போகலீன்னா நேரா ராசிபுரம் போகணும். இல்லீன்னா இன்னும் ரெண்டு நாள் இங்கயே.

வர்றா.

அதா, கேட் பக்கத்துல. தனியாத்தான் வர்றா. வெயில்ல மூஞ்சி செவந்து போச்சு. நீங்க அப்படி எட்டிப் பாக்காதீங்கண்ணா, நாம அவளைப் பத்திப் பேசுனோம்னு தெரிஞ்சுரும். உள்ள வரலையே. வேப்பமரத்துக்கிட்ட உங்க பைக்கு நிக்குதே, அதுக்குப் பக்கத்துத் திட்டுல உக்காந்துட்டா. செருப்பைக் கழட்டிக் கால் விரலைத் தேச்சுக்கறா. ரொம்ப தூரம் நடந்திருப்பா போல.

நான் அங்க போகட்டுங்களா, இல்ல அவளா வரட்டும்னு இங்கயே இருக்கட்டுங்களா? நீங்க சொல்லுங்க. எனக்கு நெஜமாவே தெரியல.

இல்ல, போறேன். ரூம் விசயம் இப்ப எழுதாதீங்க. இன்னும் ரெண்டு நாள் இருக்கலாமா, வீட்டுக்குப் போலாமான்னு அவகிட்டக் கேட்டுட்டு வந்து சொல்றேன்.